ஈரம் காயாத பிரஷ்

ஜனவரி 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான், உன் மாப்பிள்ளை, அப்பா மூவரும் இங்கே குறையில்லாமல் இருக்கிறோம். உன் மூக்கடைப்பு எப்படி இருக்கிறது? இஞ்சின் அறைச் சூட்டிலிருந்து வேர்க்க விறுவிறுக்கக் கப்பலின் மேல்தளத்துக்கு ஓடிப்போய்க் காற்று வாங்காதே. சொன்னால் கேட்க மாட்டாய், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

போனை எடுத்தால் நாலு வார்த்தைக்குள் நமக்குள் சண்டை மூண்டுவிடுகிறது, இனிமேல் கடிதம்தான் என்று நீ முடிவு செய்தது நல்லதாகப் போயிற்று. எவ்வளவு கோபமாக எழுதினாலும், துறைமுக ஆபீஸில் கிடந்து உன் கைக்கு வருவதற்குள் அது ஆறிப்போயிருக்கும்.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். பக்கவாதம் வந்ததிலிருந்து அவருடைய வலது கை மடங்கியே கிடந்தது உனக்குத் தெரியும். பிசியோதெரபிப் பெண் ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னால், "நான் என்ன கைக்குழந்தையா?" என்று தூக்கி எறிந்துவிடுவார். போன வாரம் எங்கள் ஆஸ்பத்திரி வார்டில் அப்பாவின் பக்கத்துக் கட்டில்காரர், தாடை அரிக்கிறது என்று முனகிக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர் அவர். வார்டில் எல்லோருக்கும் அவர் வாத்தியார்தான். சவரம் செய்யும் ஆள் அடுத்த வாரம்தான் வருவார். அப்பா கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "கொண்டா ரேசர, நான் பண்றேன்" என்றார். இடது கையால் வலது மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, வாத்தியாரின் முகத்தை வழித்து முடித்தார். ஒரு கீறல் இல்லை, அண்ணா. காலமெல்லாம் சலூனில் நின்ற கை அல்லவா. பிசியோதெரபிப் பெண், "இதவிட நல்ல பயிற்சிய நான் எங்க போய்த் தேடுறது? தினமும் பண்ணட்டும்" என்று சொல்லிவிட்டாள்.

நான் சும்மா விடுவேனா? ஆஸ்பத்திரிக்குள் எந்தக் கிருமி யாரிடமிருந்து யாருக்கு ஒட்டியது என்று துப்பறிவதற்குத்தான் எனக்குச் சம்பளமே. ஆளுக்கு ஒரு புது பிளேடு, முடிந்ததும் அங்கேயே ஊசி டப்பாவில் போட வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறேன். "என் பொண்ணு எனக்கே லைசென்ஸ் குடுக்குறா" என்று அப்பா வார்டு முழுக்கச் சொல்லிச் சிரிக்கிறார்.

அவருக்கு ஒரே ஒரு குறைதான். இங்கே இருக்கும் சோப்பு பிரஷ் துடைப்பம் மாதிரி இருக்கிறதாம். நல்லதாக ஒன்று வேண்டும் என்று உன்னிடம் கேட்கச் சொன்னார்.

கப்பலில் நேரத்துக்குச் சாப்பிடு.

உன் தங்கை

*

பிப்ரவரி 21

அன்புள்ள கிருமிப் போலீசுக்கு,

மூக்கு அடைத்துத்தான் இருக்கிறது, ஆள் நன்றாக இருக்கிறேன். மாப்பிள்ளைக்கு இடுப்புவலி விட்டதா? உன்னோடு குடும்பம் நடத்தியும் மனுஷர் நிமிர்ந்து நிற்கிறார் என்றால் பெரிய விஷயம்தான்.

உன் கடிதத்தை இஞ்சின் அறையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். அப்பா கையில் மறுபடி ரேசர் என்ற இடம் வந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். சூடு என்று சொல்லிச் சமாளித்தேன். அப்பா விழுந்தபோது பக்கத்தில் நான் இல்லை. எல்லாவற்றையும் நீ ஒருத்தியே பார்த்தாய். மகன் என்று பெயர் வைத்துக்கொண்டு நான் செய்ததெல்லாம் பணம் அனுப்பியதுதான். அதனால் இந்த பிரஷை வாங்க நான் அலைந்த அலைச்சலைக் கேட்டால் சிரிப்பாய்.

சரக்கு ஏற்றக் கப்பல் நின்ற ஊரில் கடை கடையாக ஏறி இறங்கினேன். கடைசியில் ஒரு சந்துக்குள் பழைய கடை. ஏதோ காட்டு மிருகத்தின் முடியாம். கடைக்காரர் பெயர் சொன்னார், எனக்கு வாயில் நுழையவில்லை. கன்னத்தில் தேய்த்துப் பார்த்தேன், பூனைக்குட்டி உரசுகிற மாதிரி இருந்தது. இதோடு அனுப்பியிருக்கிறேன்.

அப்பாவிடம் சொல்: சலூனில் வைத்திருந்தது போலவே இதையும் காயவிடாமல் வைத்துக்கொள்ள வேண்டும். "பிரஷ் காஞ்சா முடி முறிஞ்சிடும், முடி முறிஞ்சா மூஞ்சி எரியும்" என்று நம்மைத் தலையில் குட்டிச் சொல்லித் தந்தது அவர்தானே. இப்போது நான் அவருக்குச் சொல்கிறேன் பார், காலத்தை.

கிடைத்ததும் எழுது. முகத்தில் என்ன தெரிந்தது என்று விவரமாக எழுது.

அண்ணன்

*

மார்ச் 26

அன்புள்ள அண்ணாவுக்கு,

வீட்டில் எல்லோருக்கும் உடம்பு பரவாயில்லை. உன் மாப்பிள்ளை இடுப்பைப் பிடித்துக்கொண்டே உன் கிண்டலைப் படித்துச் சிரித்தார்.

பிரஷ் வந்து சேர்ந்தது. பார்சலைப் பிரிக்க அப்பா என்னை விடவில்லை. வலது கையாலேயே பிரித்தார். நூலை அவிழ்க்கவே வெகுநேரம் ஆயிற்று. பிரஷைக் கையில் எடுத்தார். தன் கன்னத்தில் தேய்த்தார், வாத்தியார் கன்னத்தில் தேய்த்தார், கடைசியில் என் கன்னத்திலும். "என் பையன் வாங்குனது" என்று ஒவ்வொரு கட்டிலாகப் போய்க் காட்டிவிட்டு வந்தார். நடந்து போனார், அண்ணா. கைத்தடி இல்லாமல், கட்டில் கம்பியைப் பிடித்துப் பிடித்து.

இப்போது காலையில் ஆண்கள் பக்கம் சலூன் மாதிரிதான் இருக்கிறது. லாரி ஓட்டிய டிரைவர் ஒருவர் இருக்கிறார், கால் உடைந்தவர். அவருக்கு மீசையைச் சரியாக நறுக்கவில்லை என்று தினமும் தகராறு. எதிர்க் கட்டில் தாடிக்காரர் மட்டும் கிட்டேயே விடுவதில்லை. "தொட்டா கடிச்சிடுவேன்" என்கிறார். அப்பா எல்லோருக்கும் சோப்பு நுரை போட்டுவிட்டு, ஆளுக்கு ஒரு பிளேடாக நான் எடுத்து நீட்ட நீட்ட ரேசரில் மாட்டிக்கொள்கிறார். ஸ்டீல் குவளையில் கொஞ்சம் சோப்புத் தண்ணீர், அதற்குள் பிரஷ். நீ சொன்னபடியே காயவிடுவதில்லை.

எனக்கு வேலை கொஞ்சம் கூடியிருக்கிறது. வார்டில் ஒருவருக்குக் காய்ச்சல் விடவில்லை. சளியை லேபுக்கு அனுப்பியிருக்கிறேன். வழக்கமாக வருவதுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள். அப்பாவின் ஆசீர்வாதம்.

உன் தங்கை

*

ஏப்ரல் 29

அன்புள்ள கிருமிப் போலீசுக்கு,

சுகமாக இருக்கிறேன். நீங்கள் எல்லோரும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நடந்தார் என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போயிருக்கிறாயே, உனக்கு நெஞ்சில் ஈரம் இருக்கிறதா? அதை முதல் வரியாக எழுத வேண்டாமா? தலைகால் புரியாமல் அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

வாத்தியாரோடு அப்பா நிற்கிற மாதிரி ஒரு போட்டோ அனுப்பு, பிரஷோடு. தாடிக்காரருக்கு என் சார்பாக ஒரு சலாம். அப்பாவிடம் வாயைக் கொடுத்துத் தப்பித்தவர் அவர் ஒருவர்தான். டிரைவருக்குத் தனியாக ஒரு பிரஷ் வேண்டுமா கேள், வாங்கி அனுப்புகிறேன். எல்லோருக்கும் ஒன்று வேண்டுமானாலும் சரி. அந்தக் கடைக்காரர் என்னைக் கண்டால் எழுந்து நிற்பார்.

என் கான்ட்ராக்ட் டிசம்பரில் முடிகிறது. வந்ததும் அப்பா கையால் எனக்கு முதல் சவரம்.

அண்ணன்

*

மே 30

அன்புள்ள அண்ணாவுக்கு,

அப்பாவுக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. எனக்குத்தான் தூக்கம் சரியில்லை. நீ கவலைப்படாதே.

வார்டு நிலைமை நன்றாக இல்லை. அன்றைக்கு எழுதினேனே, ஒரு காய்ச்சல்காரர், அவரோடு நிற்கவில்லை. லேப் டாக்டர் என்னைக் கூப்பிட்டுத் தட்டைக் காட்டினார். தட்டு முழுக்கக் கிருமியை வளர்த்து, அதன்மேல் ஆன்டிபயாடிக் மருந்து ஊறிய சின்னச் சின்ன வில்லைகளை வைப்பார்கள். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றி ஒரு வட்டம் காலியாக இருக்கும். இந்தக் கிருமி எல்லா வில்லையையும் முட்டிக்கொண்டு வளர்ந்திருந்தது. ஒரே ஒரு வில்லையைச் சுற்றி மட்டும் ஏதோ பெயருக்கு ஒரு வட்டம். அந்த மருந்தைக் கொடுத்தால் சிறுநீரகம் போய்விடும். "இதுக்கு மேல என்கிட்ட ஒண்ணுமில்ல" என்றார் டாக்டர். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

வாத்தியாருக்கும் வந்துவிட்டது. மூச்சு இழுக்கிறது. அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், சொன்னால் நகர மாட்டேன் என்கிறார்.

வார்டின் படத்தை வரைந்து, யார் யாருக்கு வந்ததோ அந்தக் கட்டில்களில் சிவப்புப் புள்ளி வைத்துப் பார்க்கிறேன். குழாய், வாஷ்பேசின், கட்டில் கம்பி, சளி உறிஞ்சும் மிஷின், நர்சுகளின் கை, என் கை, எல்லாவற்றிலும் பஞ்சால் துடைத்து எடுத்து லேபுக்கு அனுப்பினேன். ஒன்றும் சிக்கவில்லை. புள்ளிகள் எல்லாம் ஆண்கள் பக்கமே இருக்கின்றன. பெண்கள் பக்கம் ஒன்றுகூட இல்லை. அதே நர்சுகள், அதே தண்ணீர், அதே மிஷின். எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறைதான். இன்னொன்று, ஆண்கள் பக்கத்திலும் அப்பாவுடையதை விட்டால், புள்ளிகளுக்கு நட்டநடுவில் ஒரு கட்டில் சுத்தமாக இருக்கிறது. அந்தத் தாடிக்காரர் கட்டில். அவருக்கு மட்டும் ஏன்

அண்ணா, நான் இப்போதே வார்டுக்குப் போக வேண்டும். பிறகு எழுதுகிறேன்.

*

ஜூன் 28

அன்புள்ள கிருமிப் போலீசுக்கு,

நான் சௌக்கியம். நீ தூங்காமல் கிடப்பதாக எழுதியது உறுத்துகிறது. பாதியில் எழுந்து ஓடிவிட்டாய், கையெழுத்துக்கூடப் போடவில்லை. திருடன் அகப்பட்டானா?

வாத்தியார் எப்படி இருக்கிறார்? அப்பாவுக்கு வந்துவிடாதே? அவரை அந்த வார்டிலிருந்து மாற்ற முடியுமா பார். ஆனால் சவரத்தை நிறுத்திவிடாதே, கை மறுபடி மடங்கிக்கொள்ளும். போட்டோ இன்னும் வரவில்லை.

மனசு சரியில்லாததால் மேலே எழுத வரவில்லை. உடனே பதில் போடு.

அண்ணன்

*

ஜூலை 19

அண்ணாவுக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீ சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன்.

வாத்தியார் போன மாதம் காலமானார். கடைசி மருந்தையும் கொடுத்துப் பார்த்தோம்.

அப்பாவுக்குக் காய்ச்சல் இல்லை. ஆனால் அவர் கைத் தோலில் கிருமி இருக்கிறது. அவரை ஒன்றும் செய்யவில்லை, அவரிடமிருந்து மற்றவர்களுக்குப் போகலாம். அதனால் கோடியில் தனி அறைக்கு மாற்றியிருக்கிறோம். உள்ளே போகிறவர்கள் கையுறை போட்டுக்கொண்டு போக வேண்டும். நானும் அப்படித்தான் போகிறேன். சவரம் நிறுத்தியாகிவிட்டது.

பிரஷ் எதுவும் அனுப்ப வேண்டாம்.

தங்கை

*

ஆகஸ்ட் 16

தங்கைக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுக்குத்தான். எட்டு வரியில் ஒரு கடிதம், அதில் ஒரு சாவு. ஏன் என்று ஒரு வார்த்தை இல்லை.

நீ எழுதாததை அப்பா எழுதியிருக்கிறார். ஜன்னலுக்கு வெளியே நாற்காலி போட்டு டிரைவரை உட்காரவைத்து அவர் சொல்லச் சொல்ல எழுதவைத்திருக்கிறார். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன், படி: "என் கை ஆடிடுச்சுப்பா. வாத்தியார் தாடையில ஒரு கீறல் விழுந்துச்சு. அது சீழ் புடிச்சுதான் மனுசன் போயிட்டாரு. தங்கச்சி மூடி மறைக்கிறா. கிருமி கிருமின்னு கத சொல்றா. என்னைய ரூமுக்குள்ள போட்டதே அதுக்குத்தான். நான் இனிமே யாரையும் தொடமாட்டேன்."

கேட்டாயா? வாழ்நாளில் ஒரு ஆளுக்குக் கூடத் தீங்கு நினைக்காத மனுஷர், ஒருத்தரைக் கொன்றுவிட்டேன் என்று அறைக்குள் உட்கார்ந்திருக்கிறார். கீறல் பட்டா ஆள் சாவான்? அப்படியென்றால் சலூன்காரர்கள் எல்லோரும் ஜெயிலில்தான் இருக்க வேண்டும். அதை அவரிடம் சொல்ல உனக்கு என்ன தடை? சவரத்தை நிறுத்தச் சொன்னது யார்? நீதானா? உன் சட்டதிட்டத்துக்கு அவர் கையைப் பலி கொடுத்தாயா?

எனக்கு உண்மை தெரிய வேண்டும். எழுதவில்லை என்றால் உன் ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டருக்கே நான் எழுதுவேன்.

அண்ணன்

*

செப்டம்பர் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ திட்டியது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. இங்கே என்னைத் திட்டவும் ஆளில்லை. உடம்பு எப்படி இருக்கிறது? இதைப் படிக்கும்முன் உட்கார்ந்துகொள். டியூட்டிக்குப் போகும் நேரமாக இருந்தால் மடித்து வைத்துவிட்டுப் பிறகு படி.

தாடிக்காரருக்கு ஏன் வரவில்லை என்று எழுதிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அவருக்கு மட்டும்தான் அப்பா சவரம் செய்வதில்லை. பெண்கள் பக்கம் சவரமே கிடையாது. ஓடினேன். அப்பா கட்டில் பக்கத்து அலமாரியில் குவளை இருந்தது. பிரஷை எடுத்து முடியின் வேர்வரை விரித்துப் பஞ்சால் எடுத்தேன். "என்னம்மா, அதையும் விடலியா நீ?" என்று அப்பா சிரித்தார்.

லேபில் அதுதான் வந்தது, அண்ணா. வாத்தியாரின் நெஞ்சுச் சளியில் இருந்த அதே கிருமி. இரண்டுக்கும் கைரேகை எடுத்து ஒத்துப்பார்ப்பது மாதிரி ஒரு சோதனை இருக்கிறது, அதையும் செய்தார்கள். ஒரு கோடு பிசகவில்லை. ஈரம் இருந்தால் போதும், அந்தக் கிருமி சோப்புத் தண்ணீரில்கூடக் குடித்தனம் நடத்தும். காயவிட்டிருந்தால் பிழைத்திருக்காது. பிளேடைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தேன், ரத்தத்துக்குப் பயந்தேன். சோப்பிலேயே கிடக்கிற பொருள் அழுக்காக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. படிப்பெல்லாம் படித்தவள் நான். வார்டில் துடைக்காமல் விட்ட ஒரே பொருள் அதுதான்.

நீ உடனே கேட்பாய்: பிரஷிலிருந்து அவர்களுக்குப் போனதா, அவர்களிடமிருந்து பிரஷுக்கு வந்ததா? நானும் லேப் டாக்டரிடம் அதைத்தான் கெஞ்சிக் கேட்டேன். "ரெண்டும் ஒண்ணுங்கறது மட்டும்தாம்மா தெரியும். யாரு யாருக்குக் குடுத்தாங்கன்னு எந்தத் தட்டுலயும் தெரியாது" என்றார். முதல் காய்ச்சல்காரர் படுத்ததும் பிரஷ் வந்ததும் ஒரே வாரம். எது முன்னால் என்று என்னால் சத்தியமாகச் சொல்ல முடியவில்லை. கடையிலேயே அதில் இருந்ததா, இங்கே வந்து ஏறியதா, எதுவும் தெரியாது. பிரஷை எரித்த பிறகும் இன்னொருவருக்கு வந்திருக்கிறது. வார்டுக்குள் நுழைந்துவிட்டது, அது இனி யாரைக் கேட்டும் போகாது.

இப்போது என் கஷ்டத்தைக் கேள். அப்பாவிடம் "உங்க கை இல்லப்பா" என்று சொல்லிவிட்டேன். "பின்ன எது?" என்கிறார். கீறல் உண்மைதான். சின்னக் கீறல், அதன்மேல் அந்த நுரை. கை இல்லை என்றால் பிரஷ் என்று சொல்ல வேண்டும். பிரஷ் என்றால் நீ. நீ தெருத்தெருவாக அலைந்து, ஆசையாக வாங்கி அனுப்பியது. அவரைக் கையிலிருந்து காப்பாற்ற வேண்டுமென்றால் உன்னைக் காட்டிக்கொடுக்க வேண்டும். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அதனால்தான் எட்டு வரியில் எழுதினேன்.

உன்மேல் ஒரு துளித் தப்பும் இல்லை. அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் உன்னைக் கேட்காமல் அவரிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சொல்லிவிடு என்று ஒரு வரி எழுது, போதும். மறுநாளே சொல்லிவிடுகிறேன். அவர் கையை நம்பட்டும். அந்தக் கை மறுபடி மடங்கிக்கொண்டிருக்கிறது.

காத்துக்கொண்டிருக்கிறேன், அண்ணா.

உன் தங்கை

*

நவம்பர் 22

அன்புள்ள தங்கைக்கு,

நான் நலமாக இருக்கிறேன். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், அப்பாவுக்குப் போர்வை கனமாக இருக்கிறதா பார்.

உன் செப்டம்பர் மாதக் கடிதம் வந்தது. ஆனால் தபால் மூட்டை நனைந்துவிட்டது. மை எல்லாம் ஓடி, ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை. என்ன எழுதியிருந்தாய் என்று தெரியவில்லை. மறுபடி எழுத வேண்டாம். உனக்கு இருக்கிற வேலையில் எதற்குச் சிரமம்.

பெரிய டாக்டருக்கு எழுதுவேன் என்று சொன்னது கோபத்தில் சொன்னது, விட்டுவிடு.

கம்பெனியில் இன்னும் ஒரு வருஷம் இருக்க முடியுமா என்று கேட்டார்கள். ஆள் பற்றாக்குறையாம். சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். டிசம்பரில் வர முடியாது. அப்பாவிடம் நீயே பக்குவமாகச் சொல்.

கப்பல் அடுத்த மாதம் பெரிய துறைமுகத்தில் நிற்கும். அங்கே நல்ல கடைகள் உண்டு. அப்பாவுக்கு என்ன வேண்டும்? கம்பளிச் சட்டை, காதில் மாட்டும் ரேடியோ, எதுவானாலும் எழுது. வாங்கி அனுப்புகிறேன்.

அண்ணன்

*

டிசம்பர் 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் இருக்கிறோம். போர்வை கனமாகத்தான் இருக்கிறது. உன் மாப்பிள்ளை உன்னை விசாரித்தார்.

கடிதம் நனைந்தால் நனைந்துவிட்டுப் போகிறது. அதில் அவசரமாக ஒன்றும் இல்லை. வழக்கமான ஆஸ்பத்திரிப் புலம்பல்தான், நீ சொன்னபடி மறுபடி எழுதவில்லை.

அப்பாவிடம் நான் வேறு மாதிரி சொல்லிப் பார்த்தேன். போன வாரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "வாத்தியார் விஷயத்துல தப்பு என்னோடதுப்பா. நான்தான் ஒண்ணக் கவனிக்காம விட்டுட்டேன்" என்றேன். என் கையுறைக் கையை எடுத்துத் தன் மடிமேல் வைத்துக்கொண்டார். "எனக்காக நீ பழிய ஏத்துக்காத. சின்ன வயசுலயும் இப்படித்தான், அண்ணன் ஒடச்சா நான் ஒடச்சேன்னு வந்து நிப்ப" என்றார். அதற்குமேல் நான் என்ன சொன்னாலும் நம்பவில்லை. நான் எவ்வளவு அடித்துச் சொன்னேனோ, அவ்வளவுக்குத் தன் கைதான் என்று அவருக்கு உறுதியாயிற்று.

வலது கையை இப்போது போர்வைக்குள்ளேயே வைத்துக்கொள்கிறார். பிசியோதெரபிப் பெண் வந்தால் தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொள்கிறார். அவளும் பாவம், நின்று பார்த்துவிட்டுப் போய்விடுகிறாள். விரல்கள் ஐந்தும் உள்ளங்கைக்குள் போய்விட்டன. நகம் வெட்ட வேண்டுமென்றால் நான்தான் ஒவ்வொரு விரலாகப் பிரிக்க வேண்டியிருக்கிறது. வலிக்கிறதா என்று கேட்டால், "அது கெடக்கட்டும்" என்கிறார். டிரைவர் தேறி வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது ஜன்னலுக்கு வெளியே நின்று, மீசை கோணலாக இருக்கிறது என்று சண்டைக்கு இழுத்துப் பார்த்தார். அப்பா சிரிக்கவில்லை.

என் படத்தில் பெண்கள் பக்கம் முதல் புள்ளி வைத்துவிட்டேன். எங்கிருந்து வந்தது என்று இன்னும் தெரியவில்லை. தேடிக்கொண்டிருக்கிறேன். தேடுவதைத் தவிர எனக்கு வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை, அண்ணா.

நீ டிசம்பரில் வரவில்லை என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பிறகு, "நான் எழுதுனதுல அவனுக்குப் புரிஞ்சிருச்சு. கொலைகாரன் மூஞ்சிய எதுக்குப் பாக்கணும்னு நெனைக்கிறான்" என்றார். அப்படியெல்லாம் இல்லை, ஆள் பற்றாக்குறை என்றேன். அதையும் நம்பவில்லை.

என்ன வேண்டும் என்று கேட்டிருந்தாய். ஒன்றும் அனுப்ப வேண்டாம். நீ எதுவும் பேச வேண்டாம், எதையும் விளக்க வேண்டாம், யாரிடமும் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். வந்து அவர் முன்னால் முகத்தை நீட்டிக்கொண்டு உட்கார், போதும். கான்ட்ராக்டை முறித்துக்கொண்டாவது வா.

உன் தங்கை